கார் ஷெட்டில் ஒரு காளான் பண்ணை

நானும் ஒரு காலத்தில் தொழில் நடத்தியவன்தான். காளான் தொழில். ஒரு மழைக்காலம் முழுக்க நடத்தினேன், நஷ்டம் என்ற பேச்சுக்கே இடமில்லை. தொழில் என்று ஒன்று இருந்தால்தானே நஷ்டம் வரும்.

இதை இப்போது சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். ஆனால் அன்றைக்கு ஏற்காட்டுக்குப் பக்கத்துக் கொட்டச்சேட்டில், இருட்டான ஒரு கார் ஷெட்டுக்குள், நான் நின்ற நிலையை என் எதிரி பார்த்திருந்தால்கூட ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்திருப்பான்.

ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் ஆபீசில் எனக்கு ரைட்டர் வேலை, அதாவது கணக்கெழுதும் வேலை. என் மனைவி சுமதி அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் எல்கேஜி டீச்சர். பென்சிலைக் கடித்தவன், பக்கத்துப் பிள்ளையின் முட்டையைத் தின்றவன் எல்லாரும் தினமும் அவள் முன்னால் நின்று, முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு பொய் சொல்வார்கள். அப்படிப்பட்டவளிடம் நான் ஒரு பொய்யோடு போய் நின்றேன் என்றால், என் புத்தியின் அளவை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். (அப்போது கல்யாணமாகி இரண்டாவது வருடம். அந்த வயசுக்கே உரிய துணிச்சல்.)

எல்லாவற்றுக்கும் காரணம் ஞாயிற்றுக்கிழமை.

சுமதியின் அப்பா அம்மா சேலத்தில் அம்மாபேட்டைப் பக்கம் இருக்கிறார்கள். ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் நாங்கள் இருவரும் மலையிறங்கி, மதியம் அங்கே சாப்பிட்டு, சாயங்காலம் ஏறி வருவது என்று கல்யாணமான புதிதிலேயே ஏற்பாடாகிவிட்டது. சாப்பாட்டில் ஒரு குறையும் சொல்ல முடியாது. சாப்பாட்டுக்கு முன்பும் பின்பும் நடப்பதுதான் விஷயம்.

என் மாமனார் நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கட்டுரையை அவரும் படிப்பார். மில்லில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் போகும் ஞாயிறெல்லாம் அந்த வீட்டில் ஏதாவது ஒன்று ரிப்பேராகிக் கிடக்கும். ஒரு வாரம் சீலிங் ஃபேன், ஒரு வாரம் மிக்ஸி, ஒரு வாரம் தண்ணீர் மோட்டார். மறுபடி அதே ஃபேன். காபி குடித்து முடித்ததும் லுங்கியை மடித்துக் கட்டி ஸ்டூல்மேல் ஏறிவிடுவார். கீழே நான், டார்ச் லைட்டோடு. மாப்பிள்ளை என்ற முறையில் அந்த வீட்டில் எனக்கிருந்த ஒரே பதவி அது.

"டார்ச்ச நேராப் புடிங்க மாப்ள," என்பார்.

நேராகப் பிடிப்பேன். இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் என்பார். இந்தப் பக்கம் பிடிப்பேன். எங்கள் உறவில் இதைத் தாண்டி ஒரு பேச்சு நடந்ததாக எனக்கு நினைவில்லை. நான் மலைக்குளிரில் பிறந்து வளர்ந்தவன். சேலத்து வெயிலில், ஃபேனைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, அண்ணாந்து பார்த்து நிற்பது என்ன சுகம் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சுமதி மறுநாளைக்குத் துணி எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். நான் கட்டிலில் படுத்துக் கைபேசியில் ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். என் அனுமதி இல்லாமலே என் வாய் திறந்துகொண்டது.

"நாளைக்கி நான் வல்ல சுமதி. எனக்கு வேலை இருக்குது."

"ஞாயித்துக்கெழமெ என்ன வேலைங்க?"

கைபேசியில் ஒருவர், உறி மாதிரித் தொங்கும் பைகளிலிருந்து வெள்ளை வெள்ளையாக எதையோ பறித்துக்கொண்டிருந்தார்.

"காளான்," என்றேன்.

அப்புறம் நிறுத்த முடியவில்லை. கொட்டச்சேட்டில் செல்வத்தோடு கூட்டுச் சேர்ந்து காளான் பண்ணை போட்டிருக்கிறேன், நல்லபடியாக வந்த பிறகு சொல்லலாம் என்று இருந்தேன், வாரநாளெல்லாம் அவன் பார்த்துக்கொள்கிறான், ஞாயிறு மட்டும் என் முறை என்று கடகடவென்று சொல்லி முடித்தேன். சுமதி மடித்த புடவையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, எல்கேஜி பிள்ளை முதன்முதலாக 'அ' எழுதிக் காட்டியது போல அவள் முகம் மலர்ந்தது. எனக்குச் சுருக்கென்றது. ஆனால் மறுநாள் டார்ச் பிடிக்க வேண்டாம் என்ற சந்தோஷம் அந்தச் சுருக்கை மறைத்துவிட்டது.

செல்வம் என்னோடு படித்தவன். கொட்டச்சேட்டில், ரோட்டை ஒட்டிய ஒரு பழைய பங்களாவுக்குக் காவல் இருக்கிறான். சொந்தக்காரர் பெங்களூரில். எப்போதாவது ஒரு தடவை வந்து, பலாமரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டுப் போய்விடுவார். பங்களாவின் வராண்டாவில் ஒரு சாய்வு நாற்காலி உண்டு. என் காளான் பண்ணை அதுதான். காலை அங்கே போய் உட்கார்ந்தால், செல்வத்தின் மனைவி மல்லிகா வைக்கும் நாட்டுக்கோழிக் குழம்பு வரும். அப்புறம் கொஞ்சம் கேரம், அப்புறம் தூக்கம். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது பேன்ட்டின் முழங்காலில் கொஞ்சம் மண்ணைத் தேய்த்துக்கொள்வேன். வழியில் ஏற்காட்டுச் சந்தையில் ஒரு டப்பா காளான் வாங்கி, டப்பாவை எறிந்துவிட்டு, வாழையிலையில் மடித்துக் கொண்டுபோவேன்.

சுமதி அதைக் குழம்பு வைத்துவிட்டு, கடையில் வாங்கும் காளானுக்கு இந்த ருசி வராது என்றாள். நானும் வராது என்றேன்.

பொய்யைப் பற்றி யாரும் நமக்கு முன்கூட்டிச் சொல்லித் தராத ஒன்று, அதற்குத் தினமும் தீனி போட வேண்டும் என்பதுதான். சுமதி அப்பாவுக்கும் ஒரு பங்கு காளான் கொண்டுபோனாள். அவர் தெருவுக்கே சொன்னார். பிறகு எனக்கே போன் செய்ய ஆரம்பித்தார். அதுவரை என்னோடு போனில் பேசியே அறியாத மனிதர், ஷெட்டுக்குள் ஈரப்பதம் எப்படி, வைக்கோலை வேகவைக்கிறீர்களா, சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைக்கிறீர்களா என்றெல்லாம் கேட்டார். நான் வீடியோவைப் பாதி பார்த்து முழுசாகப் பதில் சொன்னேன். ஒரு ஷெட் இரண்டு ஷெட் ஆயிற்று. இரண்டு ஷெட்டை ஒருவன் எப்படிப் பார்ப்பது என்று அவர் கவலைப்பட்டதால், வேலைக்குப் பொன்னி என்று ஒரு அம்மாளைச் சேர்த்தேன். (ஆள் சேர்ப்பது எனக்குக் கஷ்டமாகவே இல்லை. கூலி கேட்காத வேலையாள் யாருக்குக் கிடைக்கும்?) பொன்னி நல்ல உழைப்பாளி என்று நான் சொன்னதைக் கேட்டு, தீபாவளிக்குச் சுமதி அவளுக்கு ஒரு கத்திரிப்பூ நிறப் புடவை வாங்கிக் கொடுத்தனுப்பினாள். புடவை மல்லிகாவுக்குப் போயிற்று. அவளுக்கு அது நன்றாகவே இருந்தது.

அந்த மழையில் ஒரு ஞாயிறு சுமதி நேரம் கழித்து வீடு வந்தாள். பஸ் சுற்றிக்கொண்டு வந்ததாகச் சொன்னாள். நான் முழங்கால் மண்ணோடு உட்கார்ந்திருந்தேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்து, நொம்பக் களைத்துப் போயிருக்கிறீர்கள் என்று சொல்லி வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து பண்ணையைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நம்பிக்கை வேர் பிடித்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அடுத்த சில வாரங்களில் ஒரு சனிக்கிழமை காலை, தோசை வைத்துக்கொண்டே சொன்னாள்.

"ஏனுங்க, நாளைக்கி அப்பா நேரா கொட்டச்சேட்டுக்கே வர்றாரு. உங்க பண்ணையப் பாக்கோணுமாம்."

தோசையைப் பாதியில் வைத்தேன். மழை, வழுக்கும், காளானுக்கு வெளியாள் மூச்சுக்காற்று ஆகாது என்று என்னென்னவோ சொன்னேன். அப்பா வாசலில் நின்றே பார்த்துக்கொள்வார் என்றாள். இன்னொரு தோசை வைத்தாள்.

ஆபீசுக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டுக் கொட்டச்சேட்டுக்கு ஓடினேன். செல்வம் பதறவே இல்லை. பண்ணை என்றால் என்ன, நான்கு பை, கொஞ்சம் வைக்கோல், கட்டித் தொங்கவிட்டால் ஆயிற்று என்றான். அவனுடைய பைக்கில் சேலம் போய்க் காளான் டப்பாக்களை அள்ளிக்கொண்டு வந்தான். பங்களாவின் பழைய கார் ஷெட்டில், மாட்டுக்கு வைத்திருந்த வைக்கோலைப் பைகளில் அடைத்து விட்டத்திலிருந்து தொங்கவிட்டோம். வைக்கோல் போதவில்லை. பைகள் உருண்டையாகத் தெரிய வேண்டும் என்று காலி டப்பாக்களையே உள்ளே திணித்தது செல்வத்தின் யோசனை. காளானை எப்படி ஒட்டுவது என்று நான் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, மல்லிகா தன் தென்னந்துடைப்பத்தைப் பிரித்து ஈர்க்குச்சிகளை ஒடித்துக் கொடுத்தாள். குச்சியின் ஒரு முனை காளான் தண்டில், மறுமுனை பையில். மூன்று பேரும் உட்கார்ந்து, சாமிக்குப் பூ வைப்பது போல ஒவ்வொன்றாகக் குத்தினோம். பொழுது சாயும்போது தள்ளி நின்று பார்த்தேன். பிரமாதமாக இருந்தது. எனக்கே என் தொழில்மேல் மரியாதை வந்தது.

ஞாயிறு காலை சுமதி என் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தாள். பட்டுப்புடவை கட்டியிருந்தாள். வழியெல்லாம் ஏதோ ஒரு பாட்டை முனகிக்கொண்டே வந்தாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்குப் பிடிக்கவே இல்லை.

மாமனார் ஒரு வாடகைக் காரில், சேலத்திலிருந்து கொட்டச்சேடு வழியாக ஏறும் குப்பனூர்ப் பாதையில் வந்து இறங்கினார். அவருக்குப் பின்னால் இன்னொருவரும் இறங்கினார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, அதிகம் பேசாத முகம். என் தோளில் இருந்த சுமதியின் கை திடீரென்று இறுகியது.

"ஐயோ, ஆத்தூர்க்காரருங்க," என்றாள் என் காதுக்குள்.

அவள் தங்கை ரேவதியைப் பெண் கேட்டு ஆத்தூரிலிருந்து ஒரு இடம் வந்திருந்தது எனக்குத் தெரியும். இவர் மாப்பிள்ளைப் பையனின் அப்பா, ஆத்தூரில் செக்கு வைத்து எண்ணெய் ஆட்டி விற்பவர். இன்னும் முடிவு சொல்லவில்லை. பெண் வீட்டைப் பற்றி நான்கு இடத்தில் விசாரித்துக்கொண்டிருந்தார். மூத்த மாப்பிள்ளை மலையில் தொழில் செய்கிறார், கண்ணால் பார்த்துவிட்டே முடிவு சொல்லுங்கள் என்று மாமனார் பெருமையாக அழைத்து வந்துவிட்டார். தன் ரேவதியின் கல்யாணத்தை, நல்ல மனிதர், என் ஈர்க்குச்சிகள்மேல் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

ஷெட் வாசலில் சுமதி என்னை ஒரு பக்கமாக இழுத்தாள். முகத்தில் பாட்டும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"எனக்கு எல்லாந் தெரியுமுங்க. நீங்க மாட்டிக்கிட்டு முழிக்கறதப் பாக்கலாம்னுதான் அப்பாவ வரச்சொன்னன். இவரு வருவாருன்னு எனக்குத் தெரியாது. ரேவதி வாழ்க்கைங்க. ஒழுங்கா நடிங்க."

எனக்கு அதிர்ச்சியடையக்கூட நேரமில்லை. மாமனார் கூப்பிட்டுவிட்டார்.

ஷெட் இருட்டாக இருந்தது. நல்லதுக்கென்று நாங்கள்தான் ஈரச்சாக்கைத் தொங்கவிட்டு இருட்டாக்கியிருந்தோம். மாமனார் தான் கொண்டுவந்த துணிப்பையைத் துழாவி எதையோ எடுத்து என் கையில் கொடுத்தார். அவருடைய டார்ச் லைட். அவர் வீட்டில் நான் பிடித்துப் பிடித்து என் விரல் அடையாளம் பதிந்துபோன அதே டார்ச்.

"நேராப் புடிங்க மாப்ள."

என் மோசடிக்கு நானே வெளிச்சம் பிடித்தேன்.

முதலில் எல்லாம் நன்றாகவே போயிற்று. இரண்டாவது ஷெட்டை மழைக்காக மூடியிருக்கிறோம் என்றேன், மாமனார் தலையாட்டினார். தூரத்தில் நின்று பார்த்தார்கள். கத்திரிப்பூப் புடவையில் ஒரு பக்கமாக நின்றிருந்த மல்லிகாவைக் காட்டி, இதுதான் பொன்னியா என்றார் மாமனார். ஆமாம் என்றேன். பொன்னி, இங்கே வா கண்ணு என்று கூப்பிட்டார். பொன்னி அசையவில்லை. அவளுக்குத் தன் பெயர் மறந்துபோயிருந்தது. மறுபடி கூப்பிட்டார். பின்னாலிருந்து செல்வம், மல்லிகா, உன்னைத்தான் கூப்பிடுகிறார் என்றான்.

ஆத்தூர்க்காரர் திரும்பிப் பார்த்தார்.

"மல்லிகாங்கறது ஊட்டுல கூப்படற பேருங்கப்பா," என்றாள் சுமதி. ஒரு துளி தயக்கம் இல்லை. இத்தனை நாளும் நான் ஒருவன்தான் இந்தக் குடும்பத்தில் பொய் சொல்வதாக நினைத்து என்னையே திட்டிக்கொண்டிருந்தேனே என்று தோன்றியது.

மாமனார் ஒரு பையின் அருகே குனிந்தார். எனக்காகவென்றே அவர் எல்லா வீடியோக்களையும் பார்த்திருந்தார். நான் பாதியில் நிறுத்தியவற்றைக்கூட. அவர் நெற்றி சுருங்கியது. பையில் தொங்கவிட்டு வளர்ப்பது சிப்பிக்காளானைத்தானே, இது மொட்டுக்காளான் ஆயிற்றே, இது மக்கிய உரத்தில் அல்லவா வரும் என்றார்.

"இது புது ரகமுங்க மாமா," என்றேன். குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

அவர் நம்பினார். அதுதான் கொடுமை. ஆத்தூர்க்காரரிடம் திரும்பி, புது ரகமாம், நம்ம மாப்பிள்ளையே கண்டுபிடித்தது போலிருக்கிறது என்றார். நான் செய்யாத காரியத்துக்குக் காப்புரிமைவரை போய்விட்டார்.

அப்போதுதான் குரங்குகள் வந்தன.

மலையில் இருப்பவனுக்குக் குரங்கு நினைவில் இருந்திருக்க வேண்டும். எனக்கு எதுவும் நினைவில் இல்லை. உடைந்த ஓட்டுச் சந்து வழியாகப் பெரிய கடுவன் ஒன்று விட்டத்தில் இறங்கி உட்கார்ந்தது. கையை நீட்டி ஒரு காளானைப் பிடுங்கியது. காளான் ஈர்க்குச்சியோடு வந்தது. குரங்கு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. குச்சியை நிதானமாக உருவிக் கீழே போட்டது. காளானை வாயில் போட்டுக்கொண்டு அடுத்ததைப் பிடுங்கியது.

முதல் குச்சி ஆத்தூர்க்காரரின் தோள்துண்டில் விழுந்தது. அவர் அதை எடுத்தார். என் கையைப் பிடித்து டார்ச்சைத் தன் பக்கம் திருப்பி, குச்சியை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டாவது குச்சி மாமனாரின் தலையில் விழுந்தது. அதற்குள் இன்னும் இரண்டு குரங்குகள் இறங்கி ஆளுக்கொரு பையைக் கட்டிக்கொண்டு ஊஞ்சல் ஆடின. ஒரு பை கிழிந்தது. உள்ளேயிருந்து வைக்கோலோடு காலி டப்பாக்கள் பொலபொலவென்று கொட்டின. டப்பாக்கள்மேல் கடையின் சீட்டு ஒட்டியபடியே இருந்தது.

எல்லாரும் குனிந்து டப்பாக்களைப் பார்த்தார்கள். என் கை மட்டும் டார்ச்சை நேராகப் பிடித்திருந்தது. அந்தக் கைக்கு வேறு எதுவும் தெரியாது.

"அப்ப நான் போலாமுங்களா? அடுப்புல கொழம்பு கெடக்குது," என்றாள் மல்லிகா.

வராண்டாவுக்கு வந்தோம். மாமனார் அந்தச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் அது எவ்வளவு வசதியான நாற்காலி என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும், கைப்பிடியைத் தடவிப் பார்த்தார். நான் எதிரில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை, ஸ்டூல், ஃபேன், டார்ச், சேலத்து வெயில். ஆத்தூர்க்காரர் இருக்கிறார் என்பதையே மறந்து சொன்னேன். பேசி முடித்ததும் இவ்வளவு சின்ன விஷயத்துக்கா இவ்வளவு பெரிய பண்ணை என்று எனக்கே வெட்கமாக இருந்தது. கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ரேவதிக்கு வந்த நல்ல இடமும் என்னால் போயிற்று.

மாமனார் முற்றத்துக் காபிச் செடிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க மாப்ள, எங்கூட ஒரு நாள் இருக்கறது அவ்வளவு செரமமாங்க?"

கையிலிருந்த டார்ச்சை அணைத்தேன்.

அவரே மெதுவாகச் சொன்னார். "அந்த ஃபேனு கெட்டே போகலீங்க. நீங்க வந்து ஒக்காந்தா என்ன பேசறதுன்னு எனக்குத் தெரியாது. படிச்சவரு, எஸ்டேட் ஆபீசுல இருக்கறவரு. கையில ஒரு வேலை இருந்துச்சுன்னா பேச்சு வேண்டியதில்லீங்களே. அதான் சனிக்கெழமயே ஒரு ஸ்க்ரூவ லூசாக்கி வெச்சுருவன்."

சுமதி வாயைப் பொத்திக்கொண்டாள். தன் அப்பா கெட்டிக்காரத்தனமாக ரிப்பேர் செய்ததையெல்லாம் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவள். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் இல்லாத பண்ணையை நடத்திக்கொண்டிருந்தபோது, அவர் இல்லாத ரிப்பேரை நடத்திக்கொண்டிருந்திருக்கிறார். இரண்டு கம்பெனியும் ஒரே வீட்டில்.

அதுவரை கேட்டுக்கொண்டிருந்த ஆத்தூர்க்காரர் தொண்டையைச் செருமினார். மாமனாரும் எழுந்து எங்களோடு நின்றார், மூவரும் தீர்ப்புக் கேட்பவர்கள் மாதிரி. அவர் கையில் இன்னும் அந்த ஈர்க்குச்சி இருந்தது.

"எனக்கு ஒரு பயம் இருந்துச்சுங்க," என்றார். "பொண்ணு ஊட்டுக்காரங்க எதையாச்சும் மறைக்கறாங்களோன்னு ஊரெல்லாம் விசாரிச்சன். இப்ப அந்தப் பயம் போச்சு. இவ்வளவு மோசமா ஏமாத்தற குடும்பம் எதையும் மறைச்சு வெக்க முடியாதுங்க. நம்பிப் பொண்ணெடுக்கலாம்."

முதலில் எங்களுக்கு அது சம்மதமா, திட்டா என்று புரியவில்லை. அவர் உடம்பு குலுங்க ஆரம்பித்த பிறகுதான் சிரிக்கிறார் என்று தெரிந்தது. சத்தமே வராத சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வழியத் துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டார். பிறகு மாமனாரும் சிரித்தார். அப்புறம்தான் நான் உட்கார்ந்தேன்.

குரங்குகள் விட்டுவைத்த காளானை மல்லிகா கோழிக்குழம்போடு சேர்த்துச் சமைத்துப் போட்டாள். வராண்டாவில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டோம். ஆத்தூர்க்காரர் நடுவில் வாயிலிருந்து ஒரு குச்சியை எடுத்து, மாமனாரிடம் காட்டி, புது ரகத்துக்கு எலும்பும் உண்டு போலிருக்கிறது என்றார்.

திரும்பி வரும் வழியில்தான் சுமதியிடம் கேட்டேன், எப்படித் தெரியும் என்று. பஸ் சுற்றிக்கொண்டு வந்ததே, அந்த ஞாயிறு. மழையில் மலைப்பாதையில் பாறை சரிந்து, பஸ்ஸைக் குப்பனூர் வழியாகத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். கொட்டச்சேட்டில் எதிரே ஒரு லாரி வந்து, சரியாகப் பங்களா வாசலில் பஸ் நின்றிருக்கிறது. நான் சாய்வு நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தேனாம். பஸ்ஸே என்னைப் பார்த்திருக்கிறது. (அந்த பஸ் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி ஏற்காடு சேர்வதற்குள் நான் எழுந்து பைக்கில் முந்திவிட்டேன்.) பக்கத்து சீட்டு அம்மாள், பாவம், யாரோ உடம்புக்கு முடியாதவர் போலிருக்கிறது, வீட்டு ஆட்கள் இப்படி வெளியில் போட்டுவிட்டார்களே என்று வருத்தப்பட்டாராம்.

"நீ என்ன சொன்ன?" என்றேன்.

"ஆமாங்க, பாவம்னு சொன்னன்."

அப்புறம் வெந்நீர் வைத்துக் கொடுத்தாளே, அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் குளிர்கிறது.

ரேவதியின் கல்யாணம் ஆத்தூரில் நன்றாக நடந்தது. பந்தியில் என் இலைக்கு மட்டும் சம்பந்தியே நேரில் வந்து காளான் பிரியாணி பரிமாறினார். ஒவ்வொரு காளானிலும் ஒரு குச்சி குத்தியிருந்தது. பக்கத்து இலைக்காரர்கள் காரணம் கேட்க, மாமனார் எழுந்து நின்று சொன்னார். அன்றைக்கு அந்த மண்டபத்தில் இருந்தவர்களில் என் கதை தெரியாதவர் நாதஸ்வரக்காரர் ஒருவர்தான். அவருக்கும் மறுநாள் காலையில் தெரிந்துவிட்டதாகக் கேள்வி.

அன்றிலிருந்து எங்கள் இரண்டு குடும்பத்திலும் யார் எதைச் சொன்னாலும் ஒரே கேள்விதான். "வேர்ல நிக்குதா, குச்சியில நிக்குதா?" மாமனார் இனிப்பைத் தொடவே இல்லை என்றால் மாமியார் கேட்பார். ரேவதியின் கணவர் ஆபீசில் நேரமாகிவிட்டது என்றால் ரேவதி கேட்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் மாமனாரும் ஃபேனுக்குக் கீழே சும்மா உட்கார்ந்திருக்கிறோம். பேச்சு இன்னும் பெரிதாக வரவில்லைதான், ஆனால் காற்று வருகிறது.

எனக்குத்தான் தண்டனை தீரவில்லை. போன மாதம் ஒரு ஞாயிறு, நிஜமாகவே ஆபீசில் கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது. சொன்னேன். சுமதி உடனே செருப்பை மாட்டிக்கொண்டாள். எல்கேஜி படிக்கும் எங்கள் மகளும் கூடவே கிளம்பினாள். இருவரையும் பைக்கில் உட்கார வைத்து எஸ்டேட் ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டுபோனேன். மகள் நேராக என் இடத்துக்குப் போய் மேசையைப் பிடித்து இழுத்தாள். நாற்காலியை ஆட்டினாள். சுவரில் இருந்த காலண்டரையும் லேசாக இழுத்துப் பார்த்தாள். எதுவும் கையோடு வரவில்லை.

"நெசந்தாம்மா," என்றாள்.

அதற்குப் பிறகுதான் சுமதி உட்கார்ந்தாள்.